திருவிழாப் பதாகையைத் துணியில் அமைத்தல்

கோணேசர் கோயில் வீதியில் கட்டும் பதாகையைப் பிளெக்ஸில் அச்சிடாமல் தடித்த பருத்தித் துணியில் அமைப்பது நல்லது. ஏனெனில் பிளெக்ஸிலுள்ள பிவிசி என்னும் நெகிழி மண்ணில் மக்குவதில்லை, எரித்தாலோ ஐதரசன் குளோரைட்டும் டயொக்சினுமாகிய நச்சுப் பொருள்கள் வெளிவரும். மஞ்சள் கிழங்கின் சாயம் கண்ணைக் கவர்ந்தாலும் திருகோணமலை வெயிலில் விரைவில் வெளிறிவிடும் என்பதால், தையற்கடையில் எஞ்சும் கருநிறத் துண்டுகளை எழுத்துகளாக வெட்டித் தைப்பதே உறுதியான வழி. தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றையும் ஒரே அளவில் அமைத்திடுக. ஒன்றைச் சிறிதாக்கி மூலையில் ஒதுக்குவது, என் பார்வையில், அழகுக் குறை மட்டுமன்று, அவமதிப்புமாகும். திகதியைத் தனித் துண்டில் எழுதி, பெரிய துணியில் நூலோட்டி இணைத்தால், அடுத்த ஆண்டு அத்துண்டை மட்டும் மாற்றலாம். தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றில் கிழியாதிருக்க மேலும் கீழும் மூங்கில் செருகி, நைலோனைத் தவிர்த்துத் தென்னந்தும்புக் கயிற்றால் கட்டுக.