குக்கர் விசில், முடிவெட்டு, கல்யாண மண்டபம்: ஆட்டிசம் உள்ள பிள்ளையின் புலன் சிக்கல்களைச் சமாளிக்கும் வழிகள்

பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு அலறும்போதும், சட்டைக் காலரைக் கடித்துக் கந்தலாக்கும்போதும், சோபாவிலிருந்து ஓயாமல் குதிக்கும்போதும் நமக்கு முதலில் தோன்றுவது இதை எப்படி நிறுத்துவது என்பதுதான். அந்தக் கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். பிள்ளை எதிலிருந்தோ தப்பிக்கப் பார்க்கிறதா, எதையோ தேடுகிறதா? இது தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரிதான். தெரியாமல் அதட்டினால் ஒன்று நின்ற இடத்தில் இன்னொன்று முளைக்கும். காலரைக் கடிக்காதே என்று அடித்து அடக்கிய வீட்டில், பிள்ளை தன் கையையே கடிக்க ஆரம்பித்ததைப் பார்த்திருக்கிறேன்.

"செல்லம் கொடுத்துக் கெடுத்து வச்சிருக்கே" என்று சொல்லும் உறவினர்களுக்கு ஒரு தகவல். 1943-இல் குழந்தை மனநல மருத்துவர் லியோ கானர் ஆட்டிசம் பற்றி எழுதிய முதல் கட்டுரையிலேயே வாக்குவம் கிளீனர், லிஃப்ட், முட்டை அடிக்கும் கருவி, ஏன், காற்றின் சத்தத்துக்குக்கூட மிரளும் பிள்ளைகளைப் பற்றிக் குறிப்பிட்டிருக்கிறார். நம் வீட்டில் அது மிக்சியும் குக்கரும். 2013-இல் அமெரிக்க மனநல மருத்துவ சங்கத்தின் நோயறிதல் கையேடு, புலன்கள் அளவுக்கு மீறியோ குறைவாகவோ செயல்படுவதை ஆட்டிசத்தின் அறிகுறிகளில் ஒன்றாகவே சேர்த்துவிட்டது. இது வளர்ப்பில் வந்த குறை கிடையாது.

புலன் என்றதும் ஐந்தோடு நிறுத்திவிடக் கூடாது. உடம்பு சாய்கிறதா சுழல்கிறதா என்று உணர்வது, தசையும் மூட்டும் எவ்வளவு அழுத்தத்தில் இருக்கின்றன என்று உணர்வது, பசி, தாகம், சிறுநீர் முட்டுவது, காய்ச்சல் என்று உடம்புக்குள்ளே நடப்பதை உணர்வது, இவையும் கணக்கில் உண்டு. ஒரே பிள்ளைக்குச் சத்தம் தாங்க முடியாமல் இருக்கும், ஆனால் கீழே விழுந்து முட்டி சிராய்த்ததுகூடத் தெரியாமல் விளையாடிக்கொண்டிருக்கும். இரண்டும் ஒரே உடம்பில்தான்.

முதல் வேலை, எழுதி வைப்பது. ஒரு நோட்டோ, ஃபோனோ போதும். அலறலுக்கு முன்னால் என்ன நடந்தது, எங்கே, எத்தனை மணிக்கு, பக்கத்தில் யார், முந்தைய இரவு தூக்கம் எப்படி, காலையில் மலம் கழித்ததா, பிறகு எது அமைதிப்படுத்தியது, அவ்வளவுதான். கொஞ்ச நாளில் ஒரு ஒழுங்கு தெரியும். மாலை ஆறு மணிக்கு ஹாலில் டியூப் லைட் போட்டதும்தான் ஆரம்பிக்கிறது என்பது போன்ற விஷயம் நினைவில் தங்காது, எழுத்தில் மாட்டிக்கொள்ளும். பழைய சோக் வைத்த டியூப் லைட் மெல்லிய இரைச்சலோடு படபடக்கும், நமக்கு அது உறைப்பதே இல்லை.

அப்புறம், திடீரென்று புதிதாக வந்த நடத்தையை உடனே புலன் கணக்கில் எழுதிவிடாதீர்கள். இதுவரை செய்யாத பிள்ளை தலையைச் சுவரில் மோதுகிறது, காதில் அடித்துக்கொள்கிறது என்றால் முதலில் டாக்டரிடம் போய்க் காது, பல், மலச்சிக்கல், வயிற்று எரிச்சல் எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். பெண் பிள்ளை வயதுக்கு வரும் பருவமென்றால் மாதவிடாய் வலியையும் யோசியுங்கள். வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத பிள்ளை வேறு எப்படித்தான் சொல்லும்?

சத்தம்

குக்கரில்தான் பெரும்பாலான வீடுகளில் சண்டை. விசில் எப்போது வரும் என்று தெரியாமல் காத்திருப்பது, விசிலைவிட மோசம். அதனால் முடிந்தால் பிள்ளை பள்ளியில் இருக்கும்போதே பருப்பை வேகவைத்துவிடுங்கள், சோற்றை வடித்துக்கொள்ளுங்கள் அல்லது மின்சார ரைஸ் குக்கருக்கு மாறுங்கள். குக்கர் வைத்தே ஆக வேண்டும் என்றால் முன்கூட்டியே சொல்லி, பிள்ளையைத் தூரத்து அறைக்கு அனுப்பிக் கதவைச் சாத்துங்கள். மிக்சிக்கு வேறு வழி உண்டு. "இப்போ மிக்சி போடப் போறேன், ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணிவிட்டுப் போடுங்கள். கொஞ்ச நாள் கழித்து, விருப்பமிருந்தால் பிள்ளையையே சுவிட்சைப் போடச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் மிக்சி சத்தத்துக்கு மொட்டை மாடிக்கு ஓடிய மகன், அணைப்பதும் போடுவதும் தன் கையில் வந்ததும் ஒரு காதை மட்டும் தோளில் அழுத்திக்கொண்டு நின்று தானே போட ஆரம்பித்தான். சத்தம் குறையவில்லை, அது எப்போது முடியும் என்பது அவன் கைக்கு வந்தது.

காதை மூடும் இயர்மஃப் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. பேருந்து நிலையம், மண்டபம், திருவிழா போன்ற இடங்களுக்கு மட்டும் போதும். நாள் முழுக்க மாட்டிவிட்டால் சாதாரணச் சத்தமும் தாங்க முடியாததாகிவிடலாம், பேச்சும் காதில் விழாது.

தீபாவளிக்கு முன்பே தயாராகுங்கள். 2018-இல் வந்த உச்ச நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு தமிழ்நாட்டில் காலை 6 முதல் 7 மணி, இரவு 7 முதல் 8 மணி என்று பட்டாசு வெடிக்க நேரம் ஒதுக்கி வருகிறார்கள். ஊர் முழுக்க அதற்குக் கட்டுப்படும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் சத்தம் உச்சத்துக்குப் போகும் நேரத்தை ஓரளவு ஊகிக்கலாம். அந்த நேரத்தில் தெருவைப் பார்க்காத உள்ளறை, மின்விசிறி முழு வேகம், பிடித்த பாட்டு, இயர்மஃப். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடம் கூச்சப்படாமல் போய்ச் சொல்லுங்கள். சொன்னால் பெரும்பாலும் கேட்பார்கள், சரவெடியைத் தெருக்கோடிக்குக் கொண்டுபோய் வெடிப்பார்கள்.

கல்யாணத்துக்குப் போனால் மேடையிலிருந்தும் ஸ்பீக்கரிலிருந்தும் தள்ளி, வாசல் பக்கம் உட்காருங்கள். கெட்டிமேளம் எப்போது வரும் என்று நமக்குத் தெரியும், அதற்கு முன்பே வெளியே கூட்டிக்கொண்டு வந்துவிடலாம். முதல் பந்தியில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினாலும் தப்பில்லை, சொந்தக்காரர்கள் இரண்டு நாள் பேசிவிட்டு மறந்துவிடுவார்கள்.

முடிவெட்டு

நான்கு பேர் அமுக்கிப் பிடித்து மொட்டை அடித்தால் அன்றைக்கு வேலை முடியும், அடுத்த முறை சலூன் இருக்கும் தெருவுக்கே பிள்ளை வராது. முடிவெட்டில் எது உறுத்துகிறது என்று பிரித்துப் பாருங்கள். தலையில் மெல்லப் படும் விரல், எதிர்பாராமல் தெளிக்கும் குளிர்ந்த தண்ணீர், காதருகே கத்தரியின் கிரீச், டிரிம்மரின் அதிர்வு, கழுத்தில் கட்டும் துணி, பவுடர் வாசனை, கடைசியில் முதுகில் குத்தும் முடித் துணுக்குகள். இத்தனையும் ஒரே கால் மணி நேரத்தில்.

ஒவ்வொன்றாகக் கழியுங்கள். முடிவெட்டுபவர் வீட்டுக்கு வருவார் என்றால் அதுவே பெரிய விடுதலை, இல்லாவிட்டால் கூட்டமில்லாத வார நாள் காலையில் போங்கள். முதல் இரண்டு தடவை வெட்டாமல் நாற்காலியில் உட்கார்ந்து இறங்கிவிட்டு வந்தால் போதும். அணைத்து வைத்த டிரிம்மரைக் கையில் கொடுத்துத் தொட விடுங்கள், பிறகு தூரத்தில் ஓட விடுங்கள், பிறகு உள்ளங்கையில் அதிர்வை உணர வையுங்கள். வெட்டுவதற்கு முன் நீங்களே இரண்டு உள்ளங்கையாலும் தலையை அழுத்திப் பிடித்துவிடுங்கள், தோளையும் அழுத்துங்கள். இந்தப் பிள்ளைகளில் பலருக்கு மெல்லிய தொடுதல் எரிச்சல், அழுத்தமான தொடுதல் நிம்மதி. தண்ணீர் தெளிக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். துணிக்குப் பதில் பழைய சட்டை போதும். பாதித் தலையோடு எழுந்துவிட்டால் விடுங்கள், மீதியை நாளைக்கு வெட்டலாம். வீடு வந்ததும் வெந்நீர் தயாராக இருக்கட்டும், முடித் துணுக்கோடு ஒரு நிமிடம்கூட உட்கார வைக்காதீர்கள்.

நகம் வெட்டுவதும் இதே கணக்குதான். குளித்ததும் நகம் மிருதுவாக இருக்கும், விரல் நுனியை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஒரு நாளைக்கு இரண்டு விரல். பல் தேய்க்க மறுத்தால் பேஸ்ட்டின் காரம் காரணமாக இருக்கலாம், காரமில்லாத பேஸ்ட்டைப் பட்டாணி அளவில் வைத்துப் பாருங்கள். சீருடை என்றால் லேபிளை வெட்டிவிட்டு, போடுவதற்கு முன்பே பல தடவை துவையுங்கள், உள்ளே பனியனைத் தையல் வெளியே வரும்படி திருப்பிப் போடுங்கள்.

தேடும் பிள்ளை

குதிப்பது, சுவரில் மோதுவது, ஆட்களை இறுக்கிக் கட்டிப்பிடிப்பது, கடிப்பது எல்லாம் பெரும்பாலும் தசைக்கும் மூட்டுக்கும் அழுத்தம் கேட்கும் வேலை. வேண்டாம் என்று சொல்வதைவிட, அதே அழுத்தம் கிடைக்கும் வேலையை நாமே முந்திக்கொண்டு கொடுப்பது நல்லது. இதற்கு ஆயிரக்கணக்கில் செலவழிக்கத் தேவையில்லை. தண்ணீர் வாளி தூக்குவது, காய்கறிப் பையைச் சுமப்பது, சப்பாத்தி மாவு பிசைவது, ஈரத் துணியை முறுக்கிப் பிழிவது, மெத்தையை இழுத்துப் போடுவது எல்லாம் உதவும். பள்ளிக்குக் கிளம்பும் முன்னும், படிக்க உட்காரும் முன்னும் பத்து நிமிடம். அலறல் ஆரம்பித்த பிறகு கொடுத்தால் பலிக்காது.

சேலைத் தூளி அருமையான கருவி. உடம்பைச் சுற்றி இறுக்கமும் கிடைக்கும், மெல்லிய ஆட்டமும் கிடைக்கும். வளர்ந்த பிள்ளை என்றால் கொக்கி எடையைத் தாங்குமா என்று ஆளைக் கூப்பிட்டுப் பாருங்கள், தனியே விட்டுவிட்டு நகராதீர்கள். மெதுவாக முன்னும் பின்னும் ஆடினால் அமைதி வரும், வேகமாகச் சுற்றினால் சில பிள்ளைகள் இன்னும் முறுக்கேறிவிடும். வலிப்பு உள்ள பிள்ளையென்றால் சுற்றும் விளையாட்டுக்கு முன் டாக்டரைக் கேட்டுவிடுங்கள்.

கடிக்கும் பிள்ளைக்கு, கடிப்பதற்கென்றே விற்கும் சிலிக்கோன் குழாய் கொடுக்கலாம், வயதுக்கும் மெல்லும் திறனுக்கும் ஏற்ப முறுக்கோ வெள்ளரித் துண்டோ பக்கத்தில் இருந்து கொடுக்கலாம். மண், சாக்பீஸ், சுவர்க் காரை தின்றால் இரத்தத்தில் இரும்புச்சத்தைப் பரிசோதிக்க வேண்டும், ஈயம் கலந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

கையைப் படபடப்பது, முன்னும் பின்னும் ஆடுவது, விரலைக் கண்ணருகே ஆட்டிப் பார்ப்பது யாரையும் காயப்படுத்தவில்லை என்றால் அப்படியே விட்டுவிடுங்கள். "கையைக் கீழே போடு" என்று நாள் முழுக்கச் சொல்வதில் பிள்ளைக்கு ஒரு லாபமும் இல்லை. நமக்குத்தான் நாலு பேர் பார்ப்பார்களே என்ற கூச்சம்.

வெடித்துவிட்டால்

அடம் வேறு, தாங்க முடியாமல் பிள்ளை தன் கட்டுப்பாட்டை இழந்து வெடிக்கும் மெல்ட்டவுன் வேறு. அடம் பிடிக்கும் பிள்ளை நாம் பார்க்கிறோமா என்று பார்க்கும், கேட்டது கிடைத்தால் நிறுத்தும். மெல்ட்டவுனில் எதைக் கொடுத்தாலும் நிற்காது. அந்த நேரத்தில் பேச்சைக் குறையுங்கள், கேள்வியே கேட்காதீர்கள். ஒருவர் மட்டும் பக்கத்தில் இருங்கள், மற்றவர்கள் நகரட்டும். லைட்டையும் டிவியையும் அணையுங்கள், கண்ணாடி டம்ளர் போன்றவற்றை எடுத்துவிடுங்கள். தலையை மோதினால் நடுவே தலையணை வையுங்கள். ஆபத்து இருந்தாலொழிய இறுக்கிப் பிடிக்காதீர்கள், சில பிள்ளைகளுக்கு அந்தப் பிடியே பயத்தைக் கூட்டும். பொது இடத்தில் யாராவது ஃபோனைத் தூக்கினால் "படம் எடுக்காதீங்க, கொஞ்சம் வழி விடுங்க" என்று உறுதியாகச் சொல்லுங்கள். ஓய்ந்த பிறகு தண்ணீர், தூக்கம், அவ்வளவுதான். அன்றைக்கு விசாரணை வேண்டாம்.

தெரபியும் பள்ளியும்

ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், அதாவது அன்றாட வேலைகளுக்கும் புலன் சிக்கல்களுக்கும் பயிற்சி தருபவர் ஒருவரை அவசியம் பாருங்கள். அரசு வழியில் போக, டி.இ.ஐ.சி. எனப்படும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் கேட்கலாம். சென்னைப் பக்கம் இருப்பவர்களுக்கு முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனம் இருக்கிறது. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு பணம் கட்ட வேண்டாம். எடை வைத்த போர்வை தூக்கத்தைக் கூட்டும் என்று விற்கிறார்கள், 2014-இல் வெளியான இங்கிலாந்து ஆய்வில் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு அதனால் தூக்க நேரம் கூடவில்லை. போர்வையைப் பிள்ளைக்குப் பிடித்திருந்தால் வாங்கலாம், தானே தள்ளிவிட முடிகிற எடையாக இருக்கட்டும். எந்தத் தெரபியாக இருந்தாலும், எந்த நடத்தை மாற வேண்டும், எப்போது பார்த்து முடிவெடுப்போம், வீட்டில் நான் என்ன செய்ய வேண்டும் என்று முதல் நாளே கேளுங்கள். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே நடப்பதை உங்களுக்குச் சொல்லாத இடம் வேண்டவே வேண்டாம்.

பள்ளிக்கு ஒரு பக்கத்தில் கடிதம் எழுதிக் கொடுங்கள். பெல்லுக்கும் ஸ்பீக்கருக்கும் பக்கத்தில் உட்கார வைக்க வேண்டாம், பிரேயர் கூட்டத்தில் வரிசையின் ஓரத்தில் நிற்கட்டும், உடம்புக்கு அழுத்தம் தேவைப்பட்டால் நோட்டுக் கட்டைத் தூக்கிக்கொண்டு அடுத்த வகுப்புக்குப் போய் வரட்டும், இப்படி நான்கைந்து வரி. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஆட்டிசமும் உண்டு. அரசு நடத்தும், உதவி பெறும், அங்கீகாரம் பெற்ற பள்ளிகள் பிள்ளையின் தேவைக்கேற்ப வசதி செய்து தர வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. கடிதத்தில் அதையும் ஒரு வரி சேர்த்து, நகலில் கையெழுத்தும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.