பழங்கொடி ஷிராஸ்: முதல் பாட்டிலைத் தேர்ந்தெடுத்துத் திறந்து ருசிப்பது எப்படி?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கடையில் ‘ஓல்டு வைன்’ என்று அச்சிட்டிருந்த சிவப்பு ஒயினைக் கையில் எடுத்து, “இந்தக் கொடிகளுக்கு எத்தனை வயது?” என்று கேட்டேன். விற்பவருக்குத் தெரியவில்லை. பாட்டிலின் பின்புறத்திலும் ஒன்றும் எழுதவில்லை. பக்கத்தில் இருந்த பாட்டிலைவிட விலை ஏறக்குறைய இரண்டு மடங்கு, வாங்கினேன். வீட்டுக்கு வந்து குடித்துப் பார்த்தபோது அந்த விலைக்கான எதுவும் அதில் இல்லை. அன்றிலிருந்து வயது தெரியாத பழங்கொடி ஒயினை நான் வாங்குவதில்லை. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கும் நான் முதலில் சொல்வது அதைத்தான்.

இங்கே எடுத்துக்காட்டாகத் தெற்கு ஆஸ்திரேலியாவின் பரோசா பள்ளத்தாக்கை வைத்துக்கொள்கிறேன். அடிலெய்டிலிருந்து வடகிழக்கே காரில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். உலகின் மிகப் பழைய ஷிராஸ் கொடிகள் சில இன்றும் அங்கே காய்க்கின்றன. பிரான்சில் சிரா என்று அழைக்கப்படும் அதே திராட்சைதான் இது.

படி 1: எது பழையது என்று பிரித்தறியுங்கள்

‘ஓல்டு வைன்’ என்பதில் வரும் ‘வைன்’ திராட்சைக்கொடியைக் குறிக்கிறது. பாட்டிலுக்குள் இருக்கும் பானத்தை அல்ல. தமிழில் இரண்டு சொற்களும் ஏறக்குறைய ஒரே ஒலியில் வந்துவிடுவதால் இந்தக் குழப்பம் நம்மிடம் அதிகம். பழைய ஒயின் என்றால் பல ஆண்டுகளுக்கு முன் அறுவடையாகி, பாட்டிலில் காத்திருந்தது. பழங்கொடி ஒயின் சென்ற ஆண்டு பிழிந்ததாகவும் இருக்கலாம். அதன் தாய்க்கொடிதான் கிழடு.

லாங்மைல் நிறுவனத்தின் ‘தி ஃபிரீடம் 1843’ ஷிராஸைப் பாருங்கள். 1843 என்பது கொடி நட்ட ஆண்டு. அறுவடை ஆண்டு அதே லேபிளில் தனியாக இருக்கும். முதன்முறை பார்க்கிறவர் 1843-இல் செய்த ஒயின் என்று திகைத்துப்போவது இயல்புதான். லேபிளில் இரண்டு ஆண்டுகள் இருந்தால், பிந்தையதே அறுவடை ஆண்டு.

படி 2: நட்ட ஆண்டைத் தேடுங்கள்

‘பழங்கொடி’ என்ற சொல்லுக்குப் பெரும்பாலான நாடுகளில் சட்டப்படியான வரையறை கிடையாது. முப்பது வயதுக் கொடிக்கும் அதைப் போடலாம், நூற்றைம்பது வயதுக் கொடிக்கும் போடலாம். பிரெஞ்சு பாட்டில்களில் ‘வியே வீன்யு’ என்று இருப்பதும் இதே கதைதான்.

பரோசாக்காரர்கள் 2009-இல் தங்களுக்குள் ஒரு சாசனம் வகுத்துக்கொண்டார்கள். அதில் நான்கு படிநிலைகள்: 35 வயதைத் தொட்ட கொடி ‘ஓல்டு’; 70-ஐத் தாண்டினால் ‘சர்வைவர்’, அதாவது தப்பிப் பிழைத்தது; 100-க்கு மேல் ‘சென்டினேரியன்’; 125-க்கு மேல் ‘ஆன்செஸ்டர்’, மூதாதை. இந்தச் சொற்களில் ஒன்று பாட்டிலில் இருந்தால் வயதுக்கு ஓர் ஆதாரம் கிடைத்துவிட்டது. இல்லையென்றால் தோட்டத்தின் பெயரும் நட்ட ஆண்டும் எங்காவது எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். உண்மையிலேயே கிழக்கொடி வைத்திருக்கிறவர் அதை மறைக்கமாட்டார்.

நினைவில் வைத்துக்கொள்ளச் சில தோட்டங்கள்: பரோசாவின் தனுண்டா ஊரில் லாங்மைல், 1843. அதன் அருகிலேயே டர்கி ஃபிளாட், 1847. பரோசாவை ஒட்டிய ஈடன் பள்ளத்தாக்கில் ஹென்ஷ்கி குடும்பத்தின் ‘ஹில் ஆஃப் கிரேஸ்’, 1860-ஐ ஒட்டி நட்டது. 1958 அறுவடையிலிருந்து சிரில் ஹென்ஷ்கி அதைத் தனி ஒயினாக எடுத்தார். தோட்டத்துக்கு எதிரே நிற்கும் லூத்தரன் தேவாலயத்தின் பெயர் க்னாடன்பெர்க், ஜெர்மன் மொழியில் ‘அருள் குன்று’. ஒயினின் பெயர் அதன் நேர் ஆங்கிலம்.

படி 3: விலைக்குப் பின்னால் இருக்கும் கதையைத் தெரிந்துகொள்ளுங்கள்

இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். இது தெரியாமல் குடித்தால் பாதி ருசி போய்விடும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஜேம்ஸ் பஸ்பி என்பவர் 1832-இல் ஐரோப்பாவிலிருந்து திராட்சைப் போத்துகளை, அதாவது நடுவதற்கான கொடித்துண்டுகளைத் திரட்டி ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுவந்தார். 1842-இல் சைலீசியாவிலிருந்து (அன்றைய பிரஷ்யாவின் ஒரு பகுதி, இன்று பெரும்பாலும் போலந்து) வந்த லூத்தரன் குடும்பங்கள் பரோசாவில் பெத்தனி என்ற ஊரை அமைத்தன. மத நெருக்கடி தாங்காமல் ஊரைவிட்டு வந்தவர்கள் அவர்கள். கொல்லர், தச்சர், உழவர். பிழைக்க வந்த இடத்தில் போத்து ஊன்றினார்கள்.

பிறகு வந்தது பேரழிவு. பைலோக்செரா என்ற பூச்சி, அசுவினியின் உறவு, வேரில் தங்கிச் சாற்றை உறிஞ்சும். வட அமெரிக்காவிலிருந்து பிரான்சுக்கு வந்து, 1860-களிலிருந்து ஐரோப்பாவின் தோட்டங்களைத் தின்று தீர்த்தது. மருந்து எதுவும் பலிக்கவில்லை. கடைசியில் பூச்சியைத் தாங்கும் அமெரிக்கக் கொடியின் வேர்ப்பகுதியில் ஐரோப்பியக் கொடியை ஒட்டுக் கட்டித்தான் தப்பினார்கள். இன்று ஐரோப்பாவின் பெரும்பாலான கொடிகள் இரவல் வேரில் நிற்பவை.

அந்தப் பூச்சி 1870-களில் பக்கத்து மாநிலமான விக்டோரியா வரை வந்துவிட்டது. தெற்கு ஆஸ்திரேலியா 1899-இலேயே சட்டம் போட்டுக் கொடிகள் உள்ளே வருவதைக் கட்டுப்படுத்தியது. பூச்சி உள்ளே வரவில்லை. அதனால் பரோசாவின் கிழக்கொடிகள் இன்றும் சொந்த வேரில் நிற்கின்றன. அங்கே போகிறவர்கள் அனுமதியின்றி வரிசைகளுக்குள் கால் வைக்கக் கூடாது. செருப்பில் ஒட்டிய மண்ணோடு பூச்சி வந்துவிடலாம். நான் போனபோதும் வேலிக்கு வெளியே நின்றுதான் பார்த்தேன். கவாத்து முடிந்த குளிர்காலம். இலை ஒன்றுகூட இல்லை. முறுக்கிப் பிழிந்த துணிபோல் கறுத்த அடித்தண்டுகள், சில நடுவே பிளந்து இரண்டாக நின்றன. பிளந்த பாதியிலும் அடுத்த பருவத்துக்கான மொட்டு இருந்தது.

பூச்சியிடம் தப்பிய கொடிகள் அரசிடம் தப்பியிருக்க வேண்டாமா? 1980-களின் நடுவில் திராட்சை தேங்கி விலை விழுந்தபோது, கொடியைப் பிடுங்கினால் இழப்பீடு என்று அறிவித்தார்கள். மகசூல் குறைந்த கிழக்கொடிகளே முதலில் போயின. ராக்ஃபோர்ட் நிறுவனத்தின் ராபர்ட் ஓ’கல்லகன், பீட்டர் லேமன் போன்றவர்கள் விவசாயிகளிடம் நியாயமான விலை கொடுத்துப் பழம் வாங்கி, பலர் மண்வெட்டியைக் கீழே வைக்கக் காரணமானார்கள். பின்னாளில் வீட்டுமனைக்காக அழியவிருந்த ஒரு தொகுதியை லாங்மைல் குடும்பத்தினர் வேரோடு பெயர்த்து நார்த் பாரா ஆற்றங்கரையில் மறுநடவு செய்தார்கள். ‘ஆர்ஃபன் பேங்க்’ என்ற பெயரில் அந்த ஒயின் வருகிறது. ஆர்ஃபன் என்றால் அநாதை.

இனி கணக்கு. இந்தக் கொடிகளில் பல பந்தலின்றிப் புதர்போல் தாழ நிற்பவை, பல மானாவாரி. தண்டு கோணலாக இருப்பதால் கவாத்தும் பறிப்பும் கையால்தான். ஏக்கருக்கு ஒரு டன் பழம் வந்தால் நல்ல ஆண்டு என்று நினைக்கும் தோட்டங்கள் உண்டு. ஒரு டன் பழத்தில் ஏறக்குறைய 650 லிட்டர் ஒயின், அதாவது 750 மில்லி பாட்டிலில் தோராயமாக 860. பாசனத்தோடு நிற்கும் இளங்கொடி இதைப்போல் பல மடங்கு தரும். விலை ஏன் ஏறுகிறது என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். வயது மட்டுமே ருசியைத் தராது. ஆழ்ந்த வேர் வறட்சியில் கொடியைத் தாங்கும். குறைந்த காய்ப்பில் பழம் செறிவாகும். ஆனால் நல்ல பழம் தராத கொடியை யார் நூறு ஆண்டு வைத்திருப்பார்கள்? நம் கைக்கு வருவது தலைமுறை தலைமுறையாகச் சலித்தெடுத்த மிச்சம். அந்தச் சலித்தெடுப்புக்கும் சேர்த்துத்தான் நாம் காசு கொடுக்கிறோம்.

படி 4: ஒன்றல்ல, இரண்டு பாட்டில் வாங்குங்கள்

ஒரே நிறுவனத்தின் ஒரே அறுவடை ஆண்டு ஷிராஸ் இரண்டு: ஒன்று சாதாரணமானது, மற்றது பழங்கொடி. அருகருகே வைத்தால்தான் வித்தியாசம் நாக்குக்குத் தெரியும். தனியாகக் குடிக்கும் தொடக்கக்காரருக்கு, விலை அதிகம் என்ற நினைப்பே ருசியாகத் தோன்றிவிடும்.

முதல் முயற்சிக்கு ஹில் ஆஃப் கிரேஸ் வேண்டாம். அதன் விலை மிக அதிகம். 35 அல்லது 70 வயதுப் படிநிலையில் தொடங்குங்கள். நண்பர்கள் நான்கு பேர் பங்கு போட்டால் இன்னும் நல்லது. திருகு மூடியைப் பார்த்து மலிவு என்று ஒதுக்கிவிடாதீர்கள். ஆஸ்திரேலியாவில் உயர்ந்த ஒயின்களுக்கும் அதுவே வழக்கம்.

படி 5: வெப்பத்திடமிருந்து காப்பாற்றுங்கள்

வாங்கிய பாட்டிலை இருட்டான, குளிர்ந்த, ஆட்டம் இல்லாத இடத்தில் வையுங்கள். தக்கை போட்டது என்றால் படுக்க வையுங்கள், தக்கை காயாமல் இருக்கும். சமையலறை அலமாரி கூடவே கூடாது. ஒரு கோடையில் அடுப்புக்கு மேலிருந்த அலமாரியில் ஒரு நல்ல பாட்டிலை வைத்துக் கெடுத்தேன். தக்கை விளிம்புக்கு மேல் எழும்பியிருந்தது, ஒயின் வேகவைத்த பழச்சாறுபோல் ஆகிவிட்டது. இன்றும் அதை நினைத்தால் மனம் வலிக்கிறது. அந்தக் கொடி அந்த ஆண்டுக்குத் தந்தது அவ்வளவுதானே.

சிவப்பு ஒயினை ‘அறை வெப்பத்தில்’ பரிமாற வேண்டும் என்பார்கள். குளிர்ந்த ஐரோப்பிய வீடுகளுக்குச் சொன்னது அது. ஷிராஸுக்கு 16 முதல் 18 டிகிரி செல்சியஸ் சரி. 30 டிகிரி வீட்டில் இருந்தால், திறப்பதற்கு முன் ஒரு மணி நேரத்துக்கு மேல் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். சூடாகக் குடித்தால் மதுவின் எரிச்சல்தான் முன்னால் வரும். பரோசா ஷிராஸில் 14 முதல் 15 சதவீதம் வரை ஆல்கஹால் இருப்பது சாதாரணம்.

படி 6: திறப்பதும் ஊற்றுவதும்

அறுவடையாகிப் பத்து ஆண்டு கடந்த பாட்டிலில் வண்டல் இருக்கும். முந்தின நாளே நிமிர்த்தி வையுங்கள். வண்டல் அடியில் தங்கும். திறந்ததும் கழுத்துக்குப் பின்னால் ஒரு மெழுகுவர்த்தியோ கைவிளக்கோ வைத்துக்கொண்டு, ஒரே மூச்சில், அவசரமில்லாமல் கண்ணாடிக் குடுவைக்கு மாற்றுங்கள். கரும்புகைபோல் வண்டல் பாட்டிலின் தோளுக்கு வந்ததும் நிறுத்திவிடுங்கள். இளம் அறுவடையில் வண்டல் கவலை இல்லை. குடுவையில் ஒரு மணி நேரம் காற்றாட விட்டால் இறுக்கம் தளரும்.

படி 7: ருசித்துப் பாருங்கள்

இரண்டு கிளாஸ்களிலும் மூன்றில் ஒரு பங்குக்குக் குறைவாக ஊற்றுங்கள். மிச்ச இடம் மணத்துக்கு. சுழற்றாமல் ஒருமுறை முகருங்கள், சுழற்றிவிட்டு இன்னொரு முறை.

வெளிநாட்டுப் பழங்களின் பெயர்ப் பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டாம். நன்கு கனிந்த நாவல்பழத்தின் கருமையும் துவர்ப்பும் என் மூக்குக்கு முதலில் வரும். பிறகு அதிமதுரம், கொஞ்சம் சாக்லேட், ஓக் பீப்பாயின் வாசனை. மிளகு வாசனை வந்தால் அது கற்பனை அல்ல. ரோட்டண்டோன் என்ற ஒரே பொருள்தான் மிளகிலும் ஷிராஸிலும் அந்த மணத்தைத் தருகிறது. அடிலெய்டில் உள்ள ஆஸ்திரேலிய ஒயின் ஆய்வு நிறுவனம் அதை 2008-இல் கண்டறிந்து வெளியிட்டது. ஏறக்குறைய ஐந்தில் ஒருவரால் அதை முகரவே முடியாது என்பதும் அந்த ஆய்வில் தெரிந்தது. எனவே பக்கத்தில் இருப்பவர் மிளகு என்று சொல்லி உங்களுக்கு வரவில்லையென்றால் கவலைப்படாதீர்கள். வெப்பமான பள்ளத்தாக்குத் தளத்தைவிட உயரமான, குளிர்ந்த ஈடன் பள்ளத்தாக்குப் பாட்டில்களில் தேடிப் பாருங்கள்.

பிறகு ஒரு வாய். விழுங்குமுன் நாக்கின் எல்லாப் பக்கமும் படட்டும். இளங்கொடி ஒயின் பெரும்பாலும் முதல் கணத்திலேயே பழச்சுவை முழுவதையும் கொட்டிவிடும். பழங்கொடியில் நான் கவனிப்பது நடுப்பகுதியும் முடிவும்: விழுங்கிய பின் எத்தனை நொடி நிற்கிறது, ஈறைப் பிடிக்கும் துவர்ப்பு முரட்டுத்தனமாக இருக்கிறதா, மென்மையாக இருக்கிறதா. நொடிகளை மனத்துக்குள் எண்ணி ஒரு தாளில் எழுதுங்கள். இரண்டு ஒயினுக்கும் எண்ணிக்கை ஒன்றாக இருந்தால், உங்களைப் பொறுத்தவரை அந்தக் கூடுதல் விலை வீண். அப்படியே எழுதி வையுங்கள்.

படி 8: உணவும் மிச்சமும்

ஆட்டுக்கறி மிகப் பொருத்தம். கறியின் புரதம் துவர்ப்பைத் தணிக்கும். மிளகு போட்டு வறுங்கள், மிளகாயைக் குறையுங்கள். மிளகாய்க் காரமும் ஆல்கஹாலும் சேர்ந்தால் வாய் எரிவது மட்டும்தான் மிஞ்சும். வண்டி ஓட்ட வேண்டிய இரவில் பாட்டிலைத் திறக்காதீர்கள்.

மிச்சத்தை மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, மறுநாள் எடுத்துக் குளிர் தணிந்ததும் இரண்டையும் மீண்டும் ருசியுங்கள். முதல் நாள் வாயே திறக்காத பழங்கொடி ஷிராஸ் மறுநாள் பேசத் தொடங்கியதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். மூன்று நாளைக்கு மேல் வைக்காதீர்கள். அதற்கு மேலும் இருந்தால், இளங்கொடி பாட்டிலில் இருப்பதை ஆட்டுக்கறி வேகும்போது ஊற்றிவிடுங்கள்.