"ஏன் நர்சிங்?" என்ற கேள்விக்குப் பதில் எழுதும்போது மாணவர்கள் சறுக்கும் இடங்கள்

நர்சிங் படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது எழுதித் தரும் கடிதமாக இருந்தாலும் சரி, நேர்காணலாக இருந்தாலும் சரி, முதல் கேள்வி இதுதான்: ஏன் இந்தத் துறை? பெரும்பாலும் வரும் பதிலும் ஒன்றுதான். "சின்ன வயதிலிருந்தே பிறருக்குச் சேவை செய்ய ஆசை." இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் ஆசிரியர் வேலைக்குப் போகிறவரும் தீயணைப்புத் துறைக்குப் போகிறவரும் இதே வரியை எழுதலாம். அதே வரியைக் கட்டுக் கட்டாகப் படித்துக் களைத்தவர் கையில்தான் உங்கள் தாளும் போய்ச் சேரப்போகிறது.

இந்தப் பதில்களில் நான் பார்க்கிற பெரிய குறை, பக்கம் முழுக்க எழுதியவரின் நல்ல மனசு இருக்கும், நர்ஸின் வேலை ஒரு வரிகூட இருக்காது என்பதுதான். கருணை, அன்பு, அர்ப்பணிப்பு எல்லாம் வரிசையாக வரும். வார்டில் ஒரு நர்ஸ் என்ன செய்கிறார் என்பது வராது. மருந்து கொடுக்கும் முன் சரியான நோயாளியா, சரியான மருந்தா, சரியான அளவா, சரியான வழியா, சரியான நேரமா என்று ஐந்தையும் பார்க்கிறார். நோயாளியின் மூச்சை எண்ணுகிறார். ஓய்வாகப் படுத்திருக்கும் பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை இருக்க வேண்டியது 26, 28 என்று ஏறினால், பிபி அப்போதைக்குச் சரியாகவே இருந்தாலும், அசட்டையாக விடாமல் மருத்துவரைக் கூப்பிடுகிறார். ஷிப்ட் முடியும்போது அடுத்து வருபவரிடம் ஒவ்வொரு படுக்கையின் நிலைமையையும் சொல்லி ஒப்படைக்கிறார். அந்த ஒப்படைப்பில் ஒரு விஷயம் விட்டுப்போனாலும் அதன் பாதிப்பு நோயாளிக்குத்தான். இப்படிப்பட்ட ஒரே ஒரு வேலையைப் பற்றி, அது உங்களை ஏன் ஈர்த்தது என்று நாலு வரி எழுதினால் போதும், பதில் உங்களுடையதாகிவிடும்.

அடுத்தது குடும்பத்தில் யாருக்கோ உடம்பு சரியில்லாமல் போன கதை. எழுதலாம், நல்ல காரணம்தான். ஆனால் பலர் இப்படி எழுதுகிறார்கள்: "என் பாட்டி பக்கவாதத்தில் படுத்தபோது நர்ஸ்கள் தேவதைகள் போல் கவனித்தார்கள். அன்றே முடிவு செய்தேன்." இதில் பாட்டி இருக்கிறார், கண்ணீர் இருக்கிறது, நர்ஸ் செய்த வேலை இல்லை. அதே கதையை இப்படிப் பாருங்கள்: "பாட்டியால் தானாகப் புரண்டு படுக்க முடியவில்லை. நர்ஸ் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வந்து அவரைத் திருப்பிப் படுக்கவைத்தார். ஒவ்வொரு முறையும் குதிகாலையும் இடுப்பின் பின்பக்கத்தையும் பார்த்தார். எதற்கு என்று கேட்டேன். அங்கேதான் படுக்கைப் புண் ஆரம்பிக்கும், தோல் சிவந்து, அழுத்தினாலும் அந்தச் சிவப்பு மறையாவிட்டால் அதுவே முதல் அறிகுறி என்றார். ஒருவர் தோலைப் பார்த்தே இவ்வளவு தெரிந்துகொள்ள முடியுமா என்று அன்றைக்குத்தான் எனக்கு ஆர்வம் வந்தது." இரண்டாவதைப் படிப்பவருக்கு, இந்தப் பிள்ளை கவனித்திருக்கிறது, கேள்வி கேட்டிருக்கிறது என்று தெரியும். நர்சிங்குக்கு அந்த இரண்டும் வேண்டும்.

நவீன நர்சிங்கின் முன்னோடியான ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேலைக் கூப்பிடாத கடிதம் அபூர்வம். கூப்பிடுங்கள், ஆனால் விளக்கோடு நிறுத்திவிடாதீர்கள். கிரிமியப் போரின்போது 1854இல் ஸ்குட்டாரி ராணுவ மருத்துவமனைக்குப் போனவர், இரவில் விளக்கோடு சுற்றி வந்ததோடு நிற்கவில்லை. இறப்புக் கணக்குகளைத் திரட்டினார். காயத்தால் செத்தவர்களைவிட, தடுத்திருக்கக்கூடிய தொற்றுநோய்களால் செத்த சிப்பாய்களே அதிகம் என்பதை 1858இல் வரைபடமாகப் போட்டு அதிகாரத்தில் இருந்தவர்களுக்குக் காட்டினார். 1860இல் லண்டனில் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் அவர் பெயரில் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. கணக்குப் பிடிக்கும் மாணவருக்கு விளக்கைவிட அந்த வரைபடம்தான் எழுதத் தகுந்த விஷயம்.

மருத்துவம் கிடைக்காமல் நர்சிங்குக்கு வருகிறவர்கள் ஒரு தனிக் குழியில் விழுகிறார்கள். "டாக்டராக முடியவில்லை, அதனால் இது" என்று எழுதினால், கிடைத்ததை எடுத்துக்கொண்டவர் போலத் தெரியும். அதை அடியோடு மறைத்தாலும், நேர்காணலில் கேட்டால் திணற வேண்டியிருக்கும். முதலில் அதற்கு முயன்றேன், பிறகு நோயாளியோடு அதிக நேரம் இருப்பது யார் என்று பார்த்தபோது எண்ணம் மாறியது என்று சொல்லலாம். அப்படி மாறியிருந்தால் மட்டும். மாறவில்லை என்றால், சேரும் முன் இன்னொரு முறை யோசிப்பது நல்லது.

சம்பளம், நிலையான வேலை, வெளிநாட்டு வாய்ப்பு என்று சொல்ல வெட்கப்பட வேண்டியதில்லை. பிழைப்பைப் பற்றி யோசிக்காதவர் யார்? அது மட்டுமே காரணமாக நிற்கக் கூடாது, அவ்வளவுதான். அப்புறம், "ஆணாக இருந்தும் இந்தத் துறையைத் தேர்ந்தெடுத்தேன்" என்று தொடங்கும் மாணவர்களே, அந்த "இருந்தும்" தேவையில்லை. யாரும் உங்களை மன்னிப்புக் கேட்கச் சொல்லவில்லை, நீங்களும் கேட்க வேண்டாம்.

"எனக்குப் பொறுமை அதிகம்" என்று எழுதினால் அடுத்த வரியிலேயே ஒரு சம்பவம் இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த வரியையே எடுத்துவிடுங்கள். நேர்காணலில் நைட் டியூட்டி, மலம் துடைப்பது, கண்ணெதிரே ஒருவர் இறப்பது பற்றிக் கேட்பார்கள். "எதுவும் எனக்குப் பிரச்சினை இல்லை" என்பதை யாரும் நம்ப மாட்டார்கள். எது கஷ்டமாக இருக்கும் என்று நினைக்கிறீர்களோ அதையும், அதற்கு என்ன செய்யப் போகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். வேலையில் இருக்கும் ஒரு நர்ஸிடம் முன்கூட்டியே பேசிவிட்டுப் போனால் இந்தக் கேள்விகள் பயமுறுத்தாது.

கடைசியாக ஒன்று, இது பலர் கண்ணில் படுவதே இல்லை. தன்னார்வலராகவோ துணைக்குப் போனவராகவோ வார்டில் பார்த்த நோயாளியின் பெயர், வயது, நோய், படுக்கை எண் எல்லாவற்றையும் கடிதத்தில் எழுதிவிடுகிறார்கள். நோயாளியின் விவரத்தை வெளியே விடாமல் காப்பது இந்த வேலையின் அடிப்படை விதி. சேரும் முன்பே அதை மீறிய தாளை வாசிப்பவர் அங்கேயே மூடிவைக்கலாம். அனுப்பும் முன் ஒருமுறை தேடிப் பார்த்து, ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை அடித்துவிடுங்கள்.