போக்கரில் மனத்தைப் பழக்குவது எப்படி? தொடக்க நிலை ஆட்டக்காரர்களுக்கான செய்முறை

போக்கரின் விதிகளைக் கற்க ஓரிரு மணி நேரம் போதும். ஆனால், சரியாக ஆடித் தோற்றதையும் தவறாக ஆடி வென்றதையும் பிரித்தறிய மனத்தைப் பழக்குவதற்கு மாதக்கணக்கில் ஆகும். ஒவ்வொருவரும் கையில் இரண்டு சீட்டுகளையும் நடுவில் விழும் ஐந்து பொதுச் சீட்டுகளையும் கொண்டு ஆடும் டெக்சாஸ் ஹோல்டெம் என்ற போக்கர் வகையை ஆடத் தொடங்கியிருப்பவர்களுக்காக அந்தப் பயிற்சியைப் படிப்படியாக விளக்குகிறேன்.

முதல் படி: தீர்மானத்தை விளைவிலிருந்து பிரியுங்கள்

ஃப்ளாப் (முதல் மூன்று பொதுச் சீட்டுகள்) வருவதற்கு முன்பே, இரண்டு ஏஸ் வைத்திருப்பவரும் இரண்டு கிங் வைத்திருப்பவரும் எல்லாச் சிப்களையும் வைத்து மோதினால், ஏஸ் வைத்திருப்பவர் ஏறத்தாழ 100க்கு 82 முறை வெல்வார். எஞ்சிய முறைகளில் எந்தத் தவறும் செய்யாமலேயே அவர் தோற்பார். இதை ஏட்டளவில் எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். சிப்கள் எதிராளியின் பக்கம் நகரும்போதுதான் மனம் ஒப்புக்கொள்ள மறுக்கும்.

இரண்டாம் படி: சிப்பைத் தொடும் முன் கணக்கிடுங்கள்

டர்ன் எனப்படும் நான்காவது சீட்டு வரை நான்கு பொதுச் சீட்டுகள் விழுந்துவிட்டன. உங்களுக்கு ஃப்ளஷ் (ஒரே இனத்தைச் சேர்ந்த ஐந்து சீட்டுகள்) அமைய இன்னும் ஒரு ஹார்ட்டின் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பாட்டில், அதாவது நடுவில் சேர்ந்திருக்கும் பந்தயத் தொகையில், 100 சிப்கள் இருக்க, எதிராளி 50 வைக்கிறார். நீங்களும் 50 வைத்து அதற்கு ஈடுகொடுத்தால், அதாவது "கால்" செய்தால், பாட் 200 ஆகும். ஆகவே, நீங்கள் வெல்லும் வாய்ப்பு குறைந்தது 25 சதவீதமாவது இருக்க வேண்டும். நீங்கள் பார்க்காத 46 சீட்டுகளில் 9 ஹார்ட்டின்கள் உள்ளன. அதாவது, வாய்ப்பு 20 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு. ஃப்ளஷ் அமைந்தபின் எதிராளி மேலும் கணிசமாகச் சிப்கள் தருவார் என்று நம்பக் காரணம் இருந்தால் கணக்கு மாறும். இல்லையெனில் ஃபோல்ட் செய்வதே, அதாவது சீட்டைக் கைவிட்டு அந்தச் சுற்றிலிருந்து விலகுவதே, சரி.

இப்போது நீங்கள் ஃபோல்ட் செய்த பிறகு ரிவரில் (கடைசிப் பொதுச் சீட்டாக) ஹார்ட்டினே விழுகிறது. "வைத்திருந்தால் வென்றிருப்பேனே" என்று மனம் அடித்துக்கொள்ளும். அடுத்த முறை இதே நிலை வரும்போது கணக்கைப் புறந்தள்ளி கால் செய்யத் தூண்டுவது அந்த ஆதங்கம்தான். என்னைக் கேட்டால், ஓர் ஆட்டக்காரரின் வளர்ச்சி பெரும்பாலும் இந்தச் சில நொடிகளில்தான் தீர்மானமாகிறது.

மூன்றாம் படி: குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள்

தடுமாற்றம் தந்த ஒவ்வொரு சுற்றிலும் உங்கள் சீட்டு, பாட்டின் அளவு, எதிராளியைப் பற்றிய கணிப்பு, நீங்கள் எடுத்த தீர்மானம், அதற்கான காரணம் ஆகியவற்றை எழுதுங்கள்; யார் வென்றார் என்பதை எழுதாமல் விட்டுவிடுங்கள். மறுநாள் படிக்கும்போது, விளைவு கண்ணை மறைக்காததால், காரணம் வலுவானதா என்பதை நேர்மையாக எடைபோட முடியும். வென்ற சுற்றுகளையும் இவ்வாறே எழுதுவது மிக முக்கியம்; ஏனெனில், வெற்றி தந்த தவறை யாரும் தாமாகத் தேடித் திருத்துவதில்லை.

நான்காம் படி: டில்ட் வரும் முன் எல்லை வகுங்கள்

இழப்பின் கோபத்தில் நிதானம் தவறி ஆடுவதைத்தான் டில்ட் என்கிறார்கள். ஒரே அளவிலான வரவு தரும் மகிழ்ச்சியைவிட இழப்பு தரும் வலியே பெரிதாகத் தோன்றும் மனப்போக்கை டேனியல் கானமனும் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் விளக்கினார்கள். இழந்ததை உடனே மீட்கும் வெறியில் பலவீனமான சீட்டுகளோடும் பாட்டில் இறங்குவதற்கு இந்த வலியே காரணமாகிறது.

வழக்கத்தைவிட வேகமாகத் தீர்மானிப்பது, குறிப்பிட்ட ஒருவரையே பழிவாங்க நினைப்பது, "இத்தனை முறை தோற்றாயிற்று, இனி நல்ல சீட்டு வந்தே தீரும்" என்று எண்ணுவது ஆகியவை இதன் அறிகுறிகள். கலைத்துப் போடும் சீட்டுக்கட்டுக்கு முந்தைய சுற்றின் நினைவு கிடையாது. எனவே, எவ்வளவு இழந்தால் எழுந்துவிடுவது, எத்தனை மணிக்கு நிறுத்துவது என்ற இரண்டையும் உட்காரும் முன்பே எழுதிவையுங்கள். ஆட்டத்தின் நடுவில் அந்த எல்லையைத் தளர்த்தத் தோன்றினால், அதையே எழுந்திருப்பதற்கான அறிகுறியாகக் கொள்ளுங்கள். எழுதிவைத்த எல்லையை மீண்டும் மீண்டும் மீறுகிறீர்கள் என்றால், பணம் வைத்து ஆடுவதை அடியோடு நிறுத்திவிட்டு, நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் மனம்விட்டுப் பேசுங்கள்.