மாநகராட்சியிடம் காரணம் கேட்காதீர்கள், ஆவணத்தைக் கேளுங்கள்

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் என் முதல் மனுவைக் கோபத்தில்தான் எழுதினேன். அப்போது நாங்கள் வேறோர் ஊரில் குடியிருந்தோம். கால்வாய்க்காகத் தோண்டிய மண் மாதக்கணக்கில் வாசலிலேயே கிடந்தது. "ஏன் வேலையை முடிக்கவில்லை? யார் பொறுப்பு? முதியவர்கள் எப்படி நடப்பார்கள்?" என்று இரண்டு பக்கம் எழுதி அனுப்பினேன். முப்பதாவது நாள் ஒற்றை வரியில் பதில் வந்தது: தாங்கள் கேட்பது தகவல் என்ற வரையறைக்குள் வராது.

அந்தப் பதில் என்னைச் சுட்டது. ஆனால் சட்டப்படி அதில் தவறில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, அலுவலகத்தில் ஏற்கெனவே இருக்கும் பதிவுகளைப் பெறும் உரிமையைத்தான் தருகிறது. இல்லாத தகவலை உருவாக்கித் தரவோ, கருத்துச் சொல்லவோ அதிகாரி கடமைப்பட்டவர் அல்லர் என்று 2011-இல் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. இப்போது வேலூரில் யார் மனு எழுத உதவி கேட்டு வந்தாலும் நான் முதலில் சொல்வது இதுதான்: "ஏன்" என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். எந்தத் தாள் வேண்டும் என்று எழுதுங்கள்.

முதல் படி: எந்தத் தாள்?

இதற்கு ஒரு மாலைப் பொழுது முழுவதும் செலவழித்தாலும் தகும். மற்ற எல்லாப் படிகளும் இதைவிட எளியவை.

தெருவில் ஒரு சிமென்ட் சாலை போடப்படுகிறது என்றால், அதற்குப் பின்னால் வரிசையாகத் தாள்கள் பிறக்கின்றன. என்ன நீளம், என்ன கனம், எவ்வளவு செலவு என்று சொல்லும் மதிப்பீடு முதலில் வரும். பிறகு ஒப்பந்தப்புள்ளி, அதன்பின் ஒப்பந்ததாரருக்குத் தரும் பணி ஆணை. வேலை நடந்ததும் பொறியாளர் அளந்து எழுதும் அளவுப் புத்தகம். அலுவலகத்தில் இதை "எம் புக்" என்பார்கள். அதை வைத்துத்தான் ஒப்பந்ததாரருக்குப் பணம் போகும் பட்டியல் (பில்) தயாராகிறது. இவற்றில் ஒன்றை மட்டும் கேட்க வேண்டுமென்றால் நான் அளவுப் புத்தகத்தைத்தான் கேட்பேன். மதிப்பீடு சொல்வது செய்யப்போகும் வேலையை. அளவுப் புத்தகம் சொல்வது, செய்து முடித்ததாகக் கையெழுத்திட்ட வேலையை.

உங்கள் மனக்குறையை இப்படி மாற்றிப் பாருங்கள். "தெருவிளக்கு ஏன் எரிவதில்லை" என்பது "எங்கள் தெரு விளக்குகள் குறித்த புகார்ப் பதிவேட்டின் நகல்" ஆகட்டும். "சொத்து வரியை ஏன் உயர்த்தினீர்கள்" என்பது "எனது வரிவிதிப்பு எண்ணுக்கான வரிக் கணக்கீட்டுத் தாளின் நகல்" ஆகட்டும். தெருப் பெயர், வார்டு எண், எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை என்பதையும் சேர்த்துவிட்டால், தேடிக் கிடைக்கவில்லை என்று சொல்ல இடமிருக்காது.

இரண்டாம் படி: யாரிடம்?

வேலூர் 1866 முதல் நகராட்சியாக இருந்து 2008-இல் மாநகராட்சியானது. சத்துவாச்சாரியும் தாராபடவேடும் தனி நகராட்சிகளாக இருந்து 2011-இல் இதனுடன் இணைந்தவை. ஆகவே அந்தப் பகுதிகளின் பழைய பதிவுகளையும் இன்று வேலூர் மாநகராட்சியிடமே கேட்க வேண்டும். இப்போது 60 வார்டுகள், நான்கு மண்டலங்கள். மண்டலம் எது என்று குழப்பமாக இருந்தால் மாநகராட்சித் தலைமை அலுவலகத்தில் இத்தகைய மனுக்களுக்குப் பதில் தரும் பொதுத் தகவல் அலுவலருக்கே எழுதிவிடுங்கள்.

எல்லாமே மாநகராட்சியின் கையில் இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை தேசிய நெடுஞ்சாலை ஆணையத்துடையது. காவிரி கூட்டுக் குடிநீர்த் திட்டம் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் பணி. பட்டா வேண்டுமானால் வட்டாட்சியரிடம் போக வேண்டும். தவறிப்போய் மாற்றி அனுப்பினாலும் அஞ்ச வேண்டாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் பிரிவு 6(3)-இன்படி, மனுவைப் பெற்ற அலுவலகம் ஐந்து நாட்களுக்குள் அதை உரிய அலுவலகத்துக்கு அனுப்பிவைக்க வேண்டும்.

மூன்றாம் படி: மனு

தனிப் படிவம் தேவையில்லை. வெள்ளைத் தாளில் தமிழில் எழுதலாம். எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால், எழுத்தில் வடிக்க அலுவலரே உதவ வேண்டும் என்பதும் சட்டத்தில் இருக்கிறது. நான் எழுதித் தரும் மாதிரி இது:

அனுப்புநர்: பெயர், முழு முகவரி

பெறுநர்: பொதுத் தகவல் அலுவலர், வேலூர் மாநகராட்சி அலுவலகம், வேலூர்

பொருள்: தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 6(1)-இன் கீழ் ஆவண நகல்கள் கோருதல்

ஐயா / அம்மையீர்,

…ஆவது வார்டு, … தெருவில் 1.4.2023 முதல் 31.3.2025 வரை நடைபெற்ற சாலை, கால்வாய்ப் பணிகள் தொடர்பாகக் கீழ்க்கண்டவற்றை வழங்க வேண்டுகிறேன்.

1. பணிகளுக்கான மதிப்பீட்டின் நகல்
2. பணி ஆணையின் நகல்
3. அளவுப் புத்தகத்தில் இப்பணிகளுக்குரிய பக்கங்களின் நகல்
4. ஒப்பந்ததாரருக்குப் பணம் வழங்கிய பட்டியல்களின் நகல்
5. இக்கோப்புகளை நேரில் பார்வையிட நாளும் நேரமும்

கட்டணமாகப் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டியுள்ளேன்.

இடம், நாள், கையொப்பம்.

எதற்காகக் கேட்கிறீர்கள் என்று ஒரு வரிகூட எழுத வேண்டாம். யாராவது கேட்டாலும் சொல்ல வேண்டியதில்லை. பிரிவு 6(2) உங்களுக்கு அந்தக் காப்பைத் தருகிறது. பக்கத்து வீட்டுக்காரரின் சொந்த விவரங்களைக் கேட்காதீர்கள். மறுப்பார்கள், மறுப்பதும் நியாயம்.

நான்காம் படி: கட்டணமும் ஒப்புகையும்

சத்துவாச்சாரியில் நீதிமன்ற வளாகத்தை ஒட்டி முத்திரைத்தாள் விற்பவர்களிடம் பத்து ரூபாய் வில்லை கிடைக்கும். வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்கள் அதற்கான சான்றின் நகலை இணைத்தால் கட்டணமே கிடையாது. நேரில் கொடுத்தால் உங்கள் பிரதியில் நாளுடன் முத்திரை வாங்குங்கள். தபாலில் அனுப்பினால் ரசீதையும் பட்டுவாடா ஆனதற்கான சான்றையும் பத்திரப்படுத்துங்கள். பின்னால் மேல்முறையீட்டுக்குப் போனால் அந்தத் துண்டுச் சீட்டுத்தான் உங்களுக்காகப் பேசும்.

ஐந்தாம் படி: முப்பது நாட்கள்

மனு கிடைத்த முப்பது நாட்களுக்குள் பதில் வர வேண்டும். பல நேரம் முதலில் வருவது, பக்கத்துக்கு இரண்டு ரூபாய் வீதம் நகல் கட்டணம் கட்டச் சொல்லும் கடிதம். அது அனுப்பப்பட்ட நாளிலிருந்து நீங்கள் பணம் கட்டும் நாள் வரை அந்த முப்பதில் சேராது. ஆகவே தாமதிக்காமல் கட்டுங்கள். முப்பது நாள் தாண்டித் தந்தால் நகல்களை இலவசமாகத் தர வேண்டும்.

கோப்பைப் பார்வையிட அழைத்தால் கட்டாயம் போங்கள். முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை. பலர் இதை வீண் அலைச்சல் என்று விட்டுவிடுகிறார்கள். எனக்கோ நகல்களைவிடப் பார்வையிடுவதில்தான் அதிகம் கிடைத்திருக்கிறது. கோப்பின் ஓரத்தில் எழுதிய குறிப்பு, நீங்கள் பெயர்கூட அறியாத இன்னொரு பதிவேட்டின் எண், இவையெல்லாம் அங்கேதான் கண்ணில் படும். குறிப்பேடும் பேனாவும் எடுத்துச் செல்லுங்கள். வேண்டிய பக்கங்களின் எண்ணைக் குறித்துக்கொண்டு அவற்றுக்கு மட்டும் நகல் கேளுங்கள். பத்துப் பக்கம் போதுமான இடத்தில் இருநூறு பக்கத்துக்குப் பணம் கட்ட வேண்டாம்.

பதில் வராவிட்டால்

முப்பது நாள் முடிந்ததும், அடுத்த முப்பது நாட்களுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள். முதல் மனுவின் நகலையும் ஒப்புகையையும் இணைத்தால் போதும். தமிழ்நாட்டில் இதற்குக் கட்டணம் இல்லை. அவர் முப்பது நாட்களில், மிஞ்சினால் நாற்பத்தைந்து நாட்களில் முடிவெடுக்க வேண்டும். அதிலும் பலனில்லை என்றால் தொண்ணூறு நாட்களுக்குள் சென்னையில் உள்ள தமிழ்நாடு தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு. காரணமின்றித் தகவலை மறுத்த அலுவலருக்கு நாளுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை ஆணையம் அபராதம் விதிக்கலாம். ஆணையத்தில் காத்திருப்பு நீளும். அதனால் முதல் மேல்முறையீட்டைத் தெளிவாக, வரிசை எண்ணிட்டு எழுதுவதில் கவனம் வையுங்கள்.

தாள் கைக்கு வந்தபின்

அளவுப் புத்தகத்தின் நகலோடு தெருவில் இறங்கி, இரண்டு பேர் சேர்ந்து டேப்பைப் பிடித்து அளந்து பாருங்கள். சாலையின் நீளம், அகலம், கால்வாயின் ஆழம். கணக்கு ஒத்துப்போனால், பணி சரியாக நடந்திருக்கிறது என்று அக்கம்பக்கத்தில் சொல்லுங்கள். அதுவும் தெரியவேண்டிய செய்திதான். ஒத்துப்போகவில்லை என்றால், இரண்டு அளவுகளையும் அருகருகே எழுதி, நகல்களை இணைத்து ஆணையரிடம் மனுக் கொடுங்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்திலும் கொடுக்கலாம். "ஏன்" என்று கேட்க வேண்டிய மனு அதுதான்.