கோடிங் இன்டர்வியூ: கேள்வி கேட்பவன் எதைப் பார்க்கிறான்?

கேள்வியைச் சொல்லி முடித்ததும் உங்கள் கை எங்கே போகிறது என்றுதான் நான் முதலில் பார்ப்பேன். நேரே கீபோர்டுக்குப் போனால் எனக்குக் கொஞ்சம் கலக்கம்தான்.

"அரேயில் (வரிசையாக அடுக்கிய எண்களில்) எந்த இரண்டு எண்களைக் கூட்டினால் டார்கெட் (சொன்ன தொகை) வரும்?" அரதப் பழசான கேள்வி, இன்னும் கேட்கிறோம். எண்களைத் தர வேண்டுமா, அவை எத்தனையாவது இடத்தில் இருக்கின்றன என்ற இன்டெக்ஸையா? நெகட்டிவ் வருமா? விடையே இல்லாவிட்டால்? அரே எவ்வளவு பெரியது? இதையெல்லாம் நீங்கள்தான் கேட்க வேண்டும். நூறு எண்கள் என்றால் லூப்புக்குள் லூப் போட்டால்கூட 4,950 ஜோடிதான், தாராளமாகப் போதும். ஒரு லட்சம் என்றால் கிட்டத்தட்ட 500 கோடி ஜோடி. அப்போதுதான் ஹேஷ் மேப்புக்கு வேலை: பார்த்த எண்களைப் போட்டு வைத்து, வேண்டியதைச் சட்டென்று தேடியெடுக்கும் அமைப்பு அது.

எளிய வழியை முதலில் வாயால் சொல்லிவிடுங்கள், அது ஏன் மெதுவானது என்பதையும். நான் தலையாட்டிய பிறகு எழுதுங்கள்.

எழுதியதும் "முடிஞ்சுது" என்று சொல்லாதீர்கள். 3, 2, 4, டார்கெட் 6. ஒவ்வொரு எண்ணாகக் கையால் ஓட்டுங்கள். 3 வருகிறது, தேவை இன்னொரு 3. மேப்பில் போட்டுவிட்டுத் தேடினால் அந்த 3 தன்னையே ஜோடி என்று காட்டிவிடும். தேடிவிட்டுப் போட்டால் இந்தச் சிக்கல் இல்லை. கடைசியில் 4 வரும்போது 2 கிடைக்கும். இந்தப் பிழையை நான் சுட்டுவதற்கு முன் நீங்களே பிடித்தால் என் குறிப்பில் அது உங்களுக்குச் சாதகமாகத்தான் ஏறும். பிழை வந்ததற்காக முகம் வாட வேண்டாம். ஜாவாவின் பைனரி சர்ச்சிலேயே (வரிசைப்படுத்திய அரேயைப் பாதி பாதியாக வெட்டித் தேடும் முறை) நடு இன்டெக்ஸைக் கணக்கிடும் வரியில், கூட்டுத்தொகை கொள்ளளவைத் தாண்டிவிடும் ஓவர்ஃப்ளோ பிழை ஒன்று பல வருடம் ஒளிந்திருந்தது. 2006-இல்தான் அது பரவலாகத் தெரியவந்தது.

மாட்டிக்கொண்டால் மௌனமாகிவிடாதீர்கள். எந்த இடத்தில் நிற்கிறது என்று சொன்னால்தான் நான் துப்பு தர முடியும். தந்தபின் அதைக் காதில் வாங்காமல் பழைய வழியிலேயே போகிறவர்கள்தான் பெரும்பாலும் தோற்கிறார்கள். முன்பே பார்த்த கேள்வியா? சொல்லிவிடுங்கள், வேறு கேட்பேன். நடிப்பு தெரிந்துவிடும்.

தயாரிப்பு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அரே, ஸ்ட்ரிங், ஹேஷ் மேப், ட்ரீ, கிராஃப் முதலில்; டைனமிக் புரோகிராமிங் (சிறு பகுதிகளின் விடைகளைச் சேமித்துப் பெரிய விடையைக் கட்டுவது) கடைசியில். ஆட்டோகம்ப்ளீட்டை அணைத்துவிட்டு, வாய்விட்டுப் பேசிக்கொண்டே எழுதிப் பழகுங்கள். வீட்டில் விநோதமாகப் பார்ப்பார்கள், பரவாயில்லை. ஒரே மொழியைப் பிடியுங்கள், ஆனால் அதன் உள்வேலை தெரிந்திருக்கட்டும். பைத்தான் லிஸ்ட்டின் முன்பக்கத்திலிருந்து ஒன்றை எடுத்தால் மீதி எல்லாம் ஓரிடம் நகர வேண்டும். முதலில் வந்தது முதலில் போகும் க்யூ வேண்டுமென்றால் டெக் (deque, இரு முனையிலும் சட்டென்று போட, எடுக்க முடிவது) எடுங்கள்.

கடைசியில் "எதாவது கேட்கணுமா?" என்பேன். எங்கள் கம்பெனியில் கோடு ரிவ்யூ (ஒருவர் எழுதியதை இன்னொருவர் சரிபார்ப்பது) எப்படி நடக்கிறது, நடுராத்திரியில் சர்வர் விழுந்தால் யாரை எழுப்புவார்கள் என்று கேளுங்கள். சம்பளத்தை எச்.ஆரிடம் பேசிக்கொள்ளலாம்.