கத்தி பட்டதிலிருந்து உறையும் வரை: ஆய்வுக்கான இதயத் திசுச் சேகரிப்பு

ஆய்வுக்காக இதயத் திசு சேகரிக்கும் வேலை அறுவை அரங்கில் தொடங்குவதில்லை, முந்தைய நாள் நோயாளியின் கட்டிலருகே தொடங்குகிறது. மருத்துவமனையின் நெறிமுறைக் குழு அனுமதி அளித்த பிறகே, நோயாளிக்குப் புரிகிற மொழியில் விளக்கி ஒப்புதல் பெற வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட நெறிமுறைகளும் இதையே வலியுறுத்துகின்றன. ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்திலிருந்து சிகிச்சைக்கு வருகிறவர்கள் பலர் என்பதால், பெங்களூரில் கன்னடப் படிவத்தோடு தமிழ்ப் படிவமும் கையில் இருக்க வேண்டும். “இதுக்குன்னு தனியா வெட்டுவீங்களா சார்?” என்று ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார். சிகிச்சைக்காக எப்படியும் அகற்றப்படும் பகுதியை மட்டுமே கேட்கிறோம் என்பதையும், மறுத்தாலும் சிகிச்சையில் எந்தக் குறையும் வராது என்பதையும் அந்தக் கேள்வி எழும் முன்பே சொல்லிவிடுவது நல்லது.

பைபாஸ் அறுவையில் இதய நுரையீரல் இயந்திரத்தின் குழாயைச் செருகும்போது, வலது மேலறையின் காதுமடல் போன்ற நுனியிலிருந்து ஒரு சிறு துண்டு பெரும்பாலும் கிடைக்கும். இதய மாற்று அறுவையில் அகற்றப்படும் இதயம் முழுதாகக் கிடைத்தால், எந்த அறையின் எந்தச் சுவரிலிருந்து எடுத்தோம் என்பதைப் படம் வரைந்து குறிக்க வேண்டும். மேலறைத் தசையும் கீழறைத் தசையும் மரபணுச் செயல்பாட்டில் வேறுபடுவதால், இடம் தெரியாத துண்டை எதனோடும் ஒப்பிட முடியாது.

இனி எல்லாம் கடிகாரத்தைப் பொறுத்தது. இரத்த ஓட்டம் நின்ற நேரம், துண்டு வெட்டப்பட்ட நேரம், அது உறைந்த நேரம் ஆகிய மூன்றையும் நிமிடக் கணக்கில் எழுதுங்கள். இரத்தம் நின்ற கணத்திலிருந்து, மரபணுச் செயல்பாட்டைக் காட்டும் ஆர்.என்.ஏ. மூலக்கூறுகளும் புரதங்களும் மாறத் தொடங்குகின்றன, பிறகு எவ்வளவு குளிரில் வைத்தாலும் இழந்தது திரும்பாது. துண்டைக் காய்ந்த துணியில் மடித்து மேசையில் விடாமல், பனிக்கட்டியின் மேல் வைத்த குளிர்ந்த உப்புக் கரைசலில் உடனே வாங்கி, இரத்தத்தையும் கொழுப்பையும் நீக்கிப் பங்கிட வேண்டும். ஒரு பங்கை, -196 டிகிரி செல்சியஸில் இருக்கும் திரவ நைட்ரஜனில் நொடியில் உறைய வையுங்கள். ஆர்.என்.ஏ. காக்கும் கரைசலில் இடும் பங்கு, ஒரு பக்கத்திலாவது அரை சென்டிமீட்டருக்கும் மெலிதாக இருந்தால்தான் கரைசல் உள்ளே இறங்கும். அதை ஓர் இரவு 4 டிகிரியில் வைத்த பின் உறைய வைக்கலாம். நுண்ணோக்கிக்கான பங்கு, தன்னைப் போல் பத்து மடங்குக்குக் குறையாத ஃபார்மலினில் (திசுவைக் கெடாமல் நிலைப்படுத்தும் கரைசல்) கிடக்கட்டும், அதை மட்டும் உறைய வைக்காதீர்கள்.

குப்பியின் மேல் பேனாவால் எழுதும் பழக்கத்தை நான் ஒரே நாளில் கைவிட்டேன். சிந்திய ஆல்கஹாலில் ஐந்து குப்பிகளின் எழுத்தும் கரைந்துபோய், எது யாருடையது என்று தெரியாமல் ஐந்தையும் அகற்ற வேண்டியதாயிற்று. கடுங்குளிர் தாங்கும் பட்டைக்குறி (பார்கோடு) ஒட்டிகளை அறுவைக்கு முன்பே அச்சிட்டு ஒட்டிவிடுங்கள். குப்பியில் நோயாளியின் பெயர் இருக்கக் கூடாது, குறியீடு மட்டும் போதும்.

சேமிப்புக்கு -80 டிகிரி உறைபெட்டி போதுமானது என்றாலும், நெடுங்காலத்துக்குத் திரவ நைட்ரஜன் தொட்டியின் ஆவிப் பகுதியே சிறந்தது. திரவத்துக்குள் மூழ்கிய குப்பியில் நைட்ரஜன் கசிந்து புகுந்தால், வெளியே எடுக்கும்போது வெடிக்கக்கூடும். ஒரு லிட்டர் திரவ நைட்ரஜன் ஏறத்தாழ 700 லிட்டர் வாயுவாக விரியும், அது அறையின் ஆக்சிஜனை விரட்டிவிடும் என்பதால், காற்றோட்டமும் ஆக்சிஜன் அளவுமானியும் இல்லாத அறையில் தொட்டியைத் திறக்கவே கூடாது. கோடை மழையில் மின்சாரம் போவது இந்த ஊருக்குப் புதிதல்ல. உறைபெட்டிக்கு ஜெனரேட்டர் இணைப்பும், வெப்பம் ஏறினால் கைபேசிக்கு எச்சரிக்கை அனுப்பும் கருவியும் தேவை. ஒரே நோயாளியின் குப்பிகளை இரண்டு பெட்டிகளில் பிரித்து வையுங்கள்.

உருக்கி மறுபடியும் உறைய வைத்த திசுவை ஆய்வாளர் எவருக்கும் கொடுக்காதீர்கள். ஒரு முறைக்கு ஒரு குப்பி என்று முதலிலேயே சிறு துண்டுகளாகப் பிரித்து வைத்திருந்தால் அந்தச் சிக்கல் எழாது. குப்பி வெளியே போகும்போது மூன்று நேரக் குறிப்புகளின் நகலும் அதனுடன் போக வேண்டும்.